பீட்டா ஹெச்சிஜி ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஒரு எண்

கர்ப்பமா இல்லையா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், அன்றே ரிப்போர்ட் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. மேலே ஒரு எண் இருக்கும், கர்ப்பத்தில் சுரக்கும் ஹெச்சிஜி என்ற ஹார்மோனின் அளவு அது. அதற்குக் கீழே ஓர் அட்டவணை: மூன்றாவது வாரம் 5 முதல் 50 வரை, நான்காவது வாரம் 5 முதல் 426 வரை, ஐந்தாவது வாரம் 18 முதல் 7,340 வரை, ஆறாவது வாரம் 1,080 முதல் 56,500 வரை. டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கும். அதுவரை அந்த எண்ணையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எனக்கு ஒரு கர்ப்பம் தங்காமல் போயிற்று, அடுத்தது தங்கியது. இரண்டிலும் இந்தப் பரிசோதனையைப் பலமுறை செய்துகொண்டேன். அதற்கப்புறம் என் தங்கை, தோழிகள், தோழிகளின் அக்கா தங்கைகள் என்று யாராவது ரிப்போர்ட்டை அனுப்பி "இது சரியா இருக்கா, கொஞ்சம் பாரேன்" என்று கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. எந்தக் கர்ப்பம் தங்கும், எது தங்காது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை ஊன்றிப் படித்திருக்கிறேன். ஒரே ஓர் எண் கிட்டத்தட்ட எதையுமே சொல்வதில்லை. சரியான இடைவெளியில் எடுத்த இரண்டு எண்கள் கொஞ்சம் சொல்லும். ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்துவிட்டால் அந்த எண்ணுக்கு அதற்கு மேல் பெரிய வேலை இல்லை. இதை ரத்தம் எடுக்கும்போதே யாராவது சொல்லிவிட்டால் எத்தனையோ பெண்கள் இரவில் தூங்குவார்கள்.

முதலில் இந்த ஹார்மோன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கருவுற்ற முட்டை கர்ப்பப்பைக்கு வந்து அதன் உட்சுவரில் பதிய வேண்டும். கருமுட்டை வெளியேறிய நாளிலிருந்து 6 முதல் 12 நாட்களுக்குள் இது நடக்கும். பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 10 நாட்களில். பதியும் கருவின் வெளிப்புற அணுக்கள்தான் பின்னால் நஞ்சுக்கொடியாக வளரப்போகின்றன. ஹெச்சிஜியைச் சுரப்பதும் அவைதான். ஆகவே கரு பதிவதற்கு முன்னால் எவ்வளவு நுட்பமான கருவியில் பரிசோதித்தாலும் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. நாள் தள்ளிப்போவதற்கு முன்பே பரிசோதித்து 'இல்லை' என்று வந்தால், அது 'இன்னும் தெரியவில்லை' என்பதாகவும் இருக்கலாம்.

இந்த ஹார்மோனின் வேலை எளிமையானது, ஆனால் மிக முக்கியமானது. கருமுட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற சிறு சுரப்பி உருவாகிறது. கர்ப்பப்பையின் உட்சுவரைத் தாங்கிப் பிடிக்கும் புரொஜெஸ்டிரோனை அதுதான் தருகிறது. கர்ப்பம் இல்லையென்றால் அது இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும், மாதவிடாய் வந்துவிடும். கரு பதிந்துவிட்டால் ஹெச்சிஜி அந்தச் சுரப்பியைத் தொடர்ந்து வேலை செய்ய வைக்கிறது. ஏழிலிருந்து ஒன்பது வாரத்துக்குள் நஞ்சுக்கொடி தானே புரொஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அதற்கப்புறம் அந்தச் சுரப்பியை நம்பி கர்ப்பம் இல்லை. இத்தனை சிறிய கரு, தாயின் உடலில் அடுத்த மாதவிடாயைத் தானே நிறுத்திவைக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

'பீட்டா' என்று ஏன் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த ஹார்மோனுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு பகுதிகள். ஆல்ஃபா பகுதி, கருமுட்டையை வெளியேற்றும் எல்ஹெச், முட்டையை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஆகிய மூன்றிலும் அப்படியே இருக்கிறது. வேறுபடுவது பீட்டா பகுதிதான். அதைப் பிடித்து அளந்தால்தான் மற்ற ஹார்மோன்களோடு குழம்பாது. 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷைமும் ஜோன்டெக்கும் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியில் செலுத்தி, அதன் கருவகத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்துக் கர்ப்பத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு சுண்டெலிக்குப் பதில் ஒரு வகைத் தவளை வந்தது. பீட்டா பகுதியை மட்டும் அளக்கும் முறை அமெரிக்காவில் ஜூடித் வைடுகைடிஸ் குழுவினரால் 1972-ல் வெளியானது. இன்று நம் கையில் இருக்கும் ரிப்போர்ட்டின் தொடக்கம் அங்கேதான்.

சரி, எண்ணுக்கு வருவோம். அளவு மில்லி லிட்டருக்கு இத்தனை மில்லி இன்டர்நேஷனல் யூனிட் என்று இருக்கும். சில லேப்கள் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்று போடும். இரண்டும் ஒன்றுதான், எண் மாறாது. 5-க்குக் கீழே இருந்தால் கர்ப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 25-க்கு மேலே இருந்தால் இருக்கிறது. வீட்டில் செய்யும் சிறுநீர்ச் சோதனைகள் பெரும்பாலும் இந்த 25-ஐ ஒட்டித்தான் கோடு காட்டத் தொடங்கும். 5-க்கும் 25-க்கும் இடையில் வந்தால் இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கர்ப்பம் இப்போதுதான் தொடங்கியிருக்கலாம், தொடங்கிய வேகத்திலேயே நின்றும் போயிருக்கலாம். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு முட்டையை வெளியேற்ற ஹெச்சிஜி ஊசியே போடுவது உண்டு. அந்த ஊசி மருந்து பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட ரத்தத்தில் தங்கும். அந்த நாட்களுக்குள் பரிசோதித்தால் தெரிவது கர்ப்பமா, ஊசியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த மையங்களில் 'இந்தத் தேதிக்கு முன்னால் பார்க்காதீர்கள்' என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

ரிப்போர்ட்டில் இருக்கும் அட்டவணையின் மீதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஐந்தாவது வாரம் 18 முதல் 7,340 வரை என்றால், அதன் மேல் எல்லை கீழ் எல்லையைப் போல நானூறு மடங்கு. உங்கள் எண் 200 ஆக இருந்தாலும் அதற்குள் இருக்கும், 6,000 ஆக இருந்தாலும் இருக்கும். நன்றாகப் போகும் கர்ப்பமும் அதற்குள் இருக்கும், நின்றுபோன கர்ப்பமும் இருக்கும். அந்த அட்டவணை பொய் இல்லை. ஆரோக்கியமான கர்ப்பங்களிலேயே அளவு அத்தனை வேறுபடுகிறது. ஆனால் தனியாக ஒரு பெண் அதைப் படிக்கும்போது, கீழ் எல்லைக்குப் பக்கத்தில் தன் எண்ணைப் பார்த்தால் மனம் உடைந்துபோகிறாள்.

வாரக் கணக்கும் குழப்புகிறது. கர்ப்பத்தின் வயதைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதாவது நான்கு வாரக் கர்ப்பம் என்றால் கரு உருவாகி ஏறக்குறைய இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சியும், பதினான்காம் நாள் வாக்கில் முட்டை வெளியேறுவதும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. சுழற்சியைக் குழப்பும் ஹார்மோன் கோளாறான பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கும், சுழற்சி முப்பத்தைந்து நாற்பது நாள் போகிறவர்களுக்கும் முட்டை வெளியேறுவதே தாமதம். கடைசி மாதவிடாய்ப்படி ஆறு வாரம், கருவின் உண்மையான வயதுப்படி ஐந்து வாரம் என்று இருக்கலாம். ஹெச்சிஜி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் காலத்தில் ஒரு வாரம் பிசகினால் எண் பல மடங்கு வேறுபடும். "எனக்கு ரொம்பக் கம்மியா இருக்கு" என்று ஒருத்தி எழுதினால் நான் முதலில் கேட்பது, முட்டை எப்போது வெளியேறியது என்று ஏதாவது தெரியுமா என்பதைத்தான். வெளியே உருவாக்கிய கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் கரு மாற்று சிகிச்சை எடுத்தவர்களுக்கு மட்டும் இந்தத் தேதிகள் துல்லியமாகத் தெரியும். மற்ற எல்லாருக்கும் வாரக் கணக்கு ஒரு மதிப்பீடுதான்.

இனி இரண்டாவது எண். அந்த அட்டவணையைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். முதல் சில வாரங்களில் ஹெச்சிஜி 48 முதல் 72 மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, 48 மணி நேரத்தில் இரட்டிப்பாகவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரட்டிப்பு என்பது சராசரியை ஒட்டிய பேச்சு. நல்ல கர்ப்பத்தில் எதிர்பார்க்கப்படும் மிகக் குறைந்த உயர்வு அதைவிடக் கீழேதான் இருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல் எண் 1,500-க்குக் கீழே இருந்தால் இரண்டு நாளில் குறைந்தது 49 சதவீதம் உயர வேண்டும். 1,500-லிருந்து 3,000 வரை என்றால் 40 சதவீதம். 3,000-க்கு மேல் என்றால் 33 சதவீதம் போதும். முன்பெல்லாம் 66 சதவீதம் என்ற பழைய எல்லையை வைத்திருந்தார்கள். அதை வைத்துப் பார்த்தால் நல்ல கர்ப்பங்கள் சிலவும் கெட்டவையாகத் தெரிந்துவிடும் என்பதால் எல்லை கீழே இறங்கியது.

கணக்கு எளிதுதான். முதல் நாள் 120, சரியாக 48 மணி நேரம் கழித்து 190 என்றால், உயர்வு 70. அதை 120-ஆல் வகுத்தால் 58 சதவீதம். இரட்டிப்பாகவில்லை, ஆனாலும் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. இதில் எல்லாரும் விட்டுவிடுவது நேரத்தை. திங்கள் காலை ஒரு முறை, செவ்வாய் இரவு ஒரு முறை என்று ரத்தம் கொடுத்தால் இடைவெளி ஒன்றரை நாள். 49 சதவீத வேகத்தில் போனாலும் அதற்குள் சுமார் 35 சதவீதம்தான் ஏறியிருக்கும். மூன்று நாள் இடைவெளி என்றால் 82 சதவீதம் வாக்கில் ஏறியிருக்க வேண்டும். அதனால் ரிப்போர்ட்டில் தேதியை மட்டும் பார்க்காமல் ரத்தம் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் ஒரே லேபில் கொடுங்கள். ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் இரண்டு வகைக் கருவிகளில் போட்டால் எண்கள் வேறாக வருவது சகஜம். முதல் எண் ஒரு லேபிலும் இரண்டாவது எண் வேறொரு லேபிலும் இருந்தால், அந்த வித்தியாசம் கருவின் வளர்ச்சியா கருவியின் குணமா என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் வயிற்றோடு போக வேண்டிய அவசியம் மட்டும் இதற்கு இல்லை.

என் தங்கையின் இரண்டாவது எண் அந்த எல்லையை ஒட்டித்தான் வந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. அவள் மட்டும் இணையத்தில் இரட்டிப்புக் கணக்குப் போடும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேனில் துடிப்பு தெரிந்தது, குழந்தையும் பிறந்தது. எனக்கு நடந்தது நேர்மாறு. முதல் இரண்டு எண்களும் யாரும் குறை சொல்ல முடியாதபடி ஏறியிருந்தன. அதற்கடுத்த எண்ணில் வேகம் குறைந்தது, அப்புறம் இறங்கிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல உயர்வு என்பது நம்பிக்கைக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். மந்தமான உயர்வு என்பது கூர்ந்து கவனிக்க ஒரு காரணம். இரண்டில் எதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

கூர்ந்து கவனிக்க வேண்டியதில் முதலிடம் கருக்குழாய்க் கர்ப்பத்துக்கு. நூறு கர்ப்பங்களில் ஏறக்குறைய இரண்டு, கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் பதிந்துவிடுகின்றன. அங்கே ஹெச்சிஜி வழக்கமாக மெதுவாக ஏறும், அல்லது ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கும். ஆனால் சிலருக்கு ஆரோக்கியமான கர்ப்பத்தைப் போலவே ஏறும். கரு எங்கே இருக்கிறது என்று ரத்தத்துக்குத் தெரியாது, ஸ்கேனுக்குத்தான் தெரியும். ஹெச்சிஜி ஓரளவு ஏறிய பிறகு, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் கருவைச் சுற்றிய பை தெரிய வேண்டும். முன்பு 1,500 அல்லது 2,000-ஐ இதற்கு எல்லையாக வைத்திருந்தார்கள். நல்ல கர்ப்பத்தை அவசரப்பட்டுத் தவறாகக் கணித்துவிடக் கூடாது என்பதற்காக, அதை 3,500 வரை உயர்த்தி வைத்துக்கொள்ளச் சொல்கிறது அதே 2018 வழிகாட்டுதல். இரட்டைக் குழந்தைகள் இருந்தால் எண் சீக்கிரமே ஏறிவிடும், பை தெரிவதற்கு நாள் போதாமல் இருக்கும். அதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன். கர்ப்பம் என்று தெரிந்த பின் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி கூடிக்கொண்டே போனாலோ, தோள்பட்டை நுனியில் காரணமில்லாமல் வலித்தாலோ, தலைசுற்றி மயக்கம் வருவதுபோல் இருந்தாலோ, ரத்தப்போக்கு அதிகமானாலோ, இரண்டாவது எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். ரிப்போர்ட் அழகாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கருக்குழாய் வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டும். வெளியே கொஞ்சம்தான் தெரியும். எண் குறைவாக இருக்கும்போதும் குழாய் வெடித்த பெண்கள் இருக்கிறார்கள்.

அளவு மிக அதிகமாக இருந்தால்? பெரும்பாலும் தேதிக் கணக்கு பிசகியிருக்கும், அல்லது இரட்டைக் குழந்தைகளாக இருக்கும். ஆனால் எண்ணை மட்டும் வைத்து இரட்டை என்று சொல்ல முடியாது. ஒரு குழந்தைக்கான அளவுகளும் இரட்டைக்கான அளவுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துதான் இருக்கின்றன. ஆணா பெண்ணா என்று இதை வைத்துச் சொல்லும் பேச்சுக்கு எந்தப் பயனும் இல்லை. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில், அதாவது நஞ்சுக்கொடித் திசு மட்டும் தாறுமாறாக வளரும் நிலையில், ஹெச்சிஜி ஒரு லட்சத்தையும் தாண்டி வெகு உயரத்துக்குப் போகும். இதையும் ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். ஆரோக்கியமான கர்ப்பமும் உச்சத்தில் ஒரு லட்சத்தைத் தொடலாம் என்பதால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மட்டும் பயப்பட வேண்டாம்.

உச்சம் என்று சொன்னேன் அல்லவா, அதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு பயம் போகும். 6,000-ஐத் தாண்டினால் ஹெச்சிஜி இரட்டிப்பாக நான்கு நாளுக்கு மேலும் ஆகும். எட்டிலிருந்து பதினொன்றாவது வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அதற்கப்புறம் இறங்கும். நஞ்சுக்கொடி பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகு பழைய அளவுக்கு அது தேவையில்லை. பதின்மூன்றாவது வாரத்துக்கு மேல் வரம்பே கீழே வந்துவிடுகிறது. நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் மூன்றாம் மாதத்தில், மன நிம்மதிக்காக என்று தானே போய் ரத்தம் கொடுத்து, முந்தைய எண்ணைவிடக் குறைந்திருப்பதைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். கர்ப்பப்பைக்குள் பை ஐந்து வார வாக்கில் தெரியும், துடிப்பு ஆறு வார வாக்கில் தெரியும். துடிப்பு தெரிந்த பிறகு கர்ப்பம் நலமா என்று பார்க்க ஹெச்சிஜியைத் திரும்பத் திரும்ப அளப்பதால் பயத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. டாக்டர் கேட்காமல் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளாதீர்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

இதே ரிப்போர்ட்டில் புரொஜெஸ்டிரோனையும் சேர்த்து எடுத்திருப்பார்கள். மில்லி லிட்டருக்கு 20, 25 நானோகிராமுக்கு மேல் இருந்தால் நல்ல கர்ப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். 5-க்குக் கீழே என்றால் தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இடையில் இருக்கும் அளவுகளுக்குத் தெளிவான பதில் இல்லை, பெரும்பாலானோர் அங்கேதான் இருப்பார்கள். அலகைக் கட்டாயம் பாருங்கள். சில லேப்கள் நானோமோல் கணக்கில் தரும், அதை 3.18-ஆல் வகுத்தால்தான் நானோகிராம் வரும். 40 என்று ஒருத்தி மகிழ்ந்துகொண்டிருப்பது நானோகிராமில் சுமார் 12.6-ஆக இருக்கும். இது விட்டு விட்டுச் சுரக்கும் ஹார்மோன் என்பதால் ஒரே நாளில் மணிக்கு மணி மாறும். மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரை வேறொரு மூலக்கூறு. அது ரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் புரொஜெஸ்டிரோன் பரிசோதனையில் தெரியாது. பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் புரொஜெஸ்டிரோன் மருந்து நேராகக் கர்ப்பப்பையைச் சென்றடைவதால் ரத்தத்தில் அளவு பெரிதாகக் கூடாது. அதனால் "மாத்திரை போட்டும் ஏறலையே" என்ற கவலைக்குப் பல நேரம் அடிப்படையே இருப்பதில்லை.

புரொஜெஸ்டிரோன் குறைவாக இருந்ததால்தான் கரு கலைந்ததா, கரு நன்றாக வளராததால் குறைந்ததா என்று என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். பெரும்பாலும் இரண்டாவதுதான். கரு சரியாக வளராதபோது ஹெச்சிஜி குறைகிறது, ஹெச்சிஜி குறையும்போது புரொஜெஸ்டிரோனும் குறைகிறது. பிரிட்டனில் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், தொடக்கத்தில் ரத்தப்போக்கு வந்த எல்லாருக்கும் புரொஜெஸ்டிரோன் கொடுத்ததால் மொத்தத்தில் உறுதியான பலன் தெரியவில்லை. முன்பே கருச்சிதைவு ஆகியிருந்து இப்போதும் ரத்தப்போக்கு வந்தவர்களுக்குப் பலன் இருப்பதாகத் தெரிந்தது. 'மாத்திரையை ஒரு நாள் மறந்துவிட்டேன், அதனால்தான் போயிற்று' என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் யாராவது இதைப் படித்தால், முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால் கலைபவை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையும் அதை மாற்றியிருக்காது.

தைராய்டு பற்றி ஒரு வார்த்தை. டிஎஸ்ஹெச்சும் ஹெச்சிஜியும் ஆல்ஃபா பகுதியைப் பகிர்ந்துகொள்வதால் ஹெச்சிஜி தைராய்டையும் கொஞ்சம் தூண்டும். அதனால் அது உச்சத்தில் இருக்கும் வாரங்களில் பலருக்கு டிஎஸ்ஹெச் வழக்கத்தைவிடக் குறையும். அதைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே சாப்பிடும் தைராய்டு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

மூன்றாம் மாத முடிவில் வரும் டபுள் மார்க்கர் பரிசோதனையில் மறுபடியும் பீட்டா ஹெச்சிஜியைப் பார்ப்பீர்கள். அது வேறு கேள்விக்கான பதில்: கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் குறை இருக்க வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு. அங்கே எண்ணை நேராகத் தராமல், அதே வாரத்தில் இருக்கும் பெண்களின் நடு அளவோடு ஒப்பிட்டு இத்தனை மடங்கு என்று தருவார்கள். நடு அளவுதான் 1. டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் பீட்டா ஹெச்சிஜி சராசரியாக 2 மடங்கை ஒட்டியும், கூடவே அளக்கும் பாப்-ஏ என்ற புரதம் பாதியளவை ஒட்டியும் இருக்கும். தாயின் வயதையும் ஸ்கேனில் கருவின் கழுத்துப் பின்புற நீரின் அளவையும் இதோடு சேர்த்து, '250-ல் 1' என்பதுபோல ஒரு வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். '200-ல் 1' என்று வந்து ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் 'ஹை ரிஸ்க்' என்று போட்டிருந்தாலும், அந்த 200 பேரில் 199 பேரின் குழந்தைகளுக்கு அந்தக் குறை இருக்காது. உறுதிசெய்ய வேறு பரிசோதனைகள் உண்டு. அதற்கு முன்னால் எந்த முடிவும் எடுக்கத் தேவையில்லை.

பரிசோதனையே பிசகுவதும் அபூர்வமாக நடக்கும். சிலரின் ரத்தத்தில் இருக்கும் வேறு எதிர்ப்புப் புரதங்கள் கருவியைக் குழப்பி, கர்ப்பமே இல்லாமல் ஹெச்சிஜி இருப்பதாகக் காட்டும். அந்தப் புரதங்கள் சிறுநீரில் வராது. அதனால் ரத்தத்தில் 'இருக்கிறது', சிறுநீரில் 'இல்லை' என்று வந்தால் டாக்டர்கள் இதைச் சந்தேகிப்பார்கள். முடிக்காகவும் நகத்துக்காகவும் அதிக அளவில் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்களுக்குச் சில கருவிகளில் ஹெச்சிஜி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். பயோட்டின் ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும்போது இந்த மாத்திரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குபவர்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பியே கொஞ்சம் ஹெச்சிஜியைச் சுரப்பதால், 5-ஐச் சற்றுத் தாண்டிய அளவு கர்ப்பம் இல்லாமலே வருவதும் உண்டு.

கடைசியாக, எண் இறங்குவதைப் பற்றி. இதை யாரும் எழுதுவதில்லை. எழுதினால் வருத்தப்படுவார்கள் என்று நினைக்கிறார்களோ என்னவோ. கரு தங்கவில்லை என்று தெரிந்த பிறகும் ஹெச்சிஜி உடனே மறைந்துவிடாது. திசு முழுவதும் வெளியேறியிருந்தால் அது வேகமாக இறங்கும். சில நூறுகளில் இருந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும், பல ஆயிரங்களில் இருந்தவர்களுக்கு மாதம் ஒன்றோ அதற்கு மேலுமோ ஆகலாம். 5-க்குக் கீழே வரும்வரை பார்க்கச் சொல்வது வீண் செலவு என்று சிலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இறங்காமல் ஒரே இடத்தில் நின்றாலோ மறுபடி ஏறினாலோ, உள்ளே திசு மிச்சம் இருக்கலாம், கருக்குழாயில் கரு இருக்கலாம். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தை அகற்றிய பிறகு பல மாதங்கள் கண்காணிப்பதும் இதற்காகத்தான். கருக்குழாய்க் கர்ப்பத்தின் வளர்ச்சியை நிறுத்த மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை ஊசியாகப் போட்டவர்களுக்கு நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் குறைந்தது 15 சதவீதம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊசி போட்ட முதல் சில நாட்களில் எண் ஏறுவது சகஜம், அதைப் பார்த்து ஊசி வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம்.

அந்த நாட்களில் வீட்டில் சிறுநீர்ச் சோதனை செய்தால் இரண்டு கோடுகள் வரும். உடலில் மிச்சமிருக்கும் ஹார்மோன்தான் அது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு ஒரு மாலை முழுவதும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மறுபடியும் கருத்தரித்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், முதலில் ரத்தத்தில் 5-க்குக் கீழே வந்துவிட்டது என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த ரிப்போர்ட்டைத் தேதியோடு எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு வரும் கோடு புதியது.